தலைமை விருந்தினர் நட்ட கல்

1950-இல் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் கே.எம். முன்ஷி. ஜூலை முதல் வாரத்தில் நாடு முழுக்க மரம் நட வேண்டும் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் கோலார் தங்கவயல் பக்கம் மழை செப்டம்பர், அக்டோபரில்தான் மனசு வைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜூலையில் எங்கள் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் பொழிவது சயனைடு மேட்டு மண். தங்கத்தை எடுத்துக்கொண்டு மலை மலையாகக் கொட்டிவிட்டுப் போன சக்கை அது. ஆடிக்காற்று கிளம்பினால் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் சோறு நறநறவென்று ஆகிவிடும்.

அந்தக் காற்றில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து மரநடுவிழா. அப்பாக்கள் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி வேலை பார்த்தவர்கள். பிள்ளைகளுக்கு இரண்டடிக் குழி வெட்ட வராது. கடப்பாரை பாறையில் பட்டு 'ணங்' என்று திரும்பி வரும். சுரங்கத்தில் ஓய்வுபெற்று வாட்ச்மேனாக வந்த தாத்தா பார்த்துப் பொறுக்காமல், "இன்னா நைனா, கடப்பாரைய குச்சி ஐஸ் மாதிரி புடிக்கிற?" என்று வாங்கி நாலே போடில் குழியை முடித்துவிடுவார். பிறகு தலைமை விருந்தினர் வந்து மூன்று பிடி மண்ணைத் தள்ளி, ஒரு செம்புத் தண்ணீர் விட்டு, தாம் நட்டதாகக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவார்.

கன்று இலவசம். செலவெல்லாம் பக்கத்தில் நிறுத்தும் பெயர்க் கல்லுக்குத்தான். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார் கல்தச்சர். ஆனாலும் விருந்தினரின் பட்டங்களில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார்கள். தாளாளர் பெயர், தலைமையாசிரியர் பெயர், தேதி எல்லாம் இருக்கும். என்ன மரம் என்பது மட்டும் இருக்காது. அதனால் பட்டுப்போனது புங்கனா வேம்பா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும்.

பட்டுப்போனதில் காற்றுக்குப் பாதிப் பங்கு, மீதி ஆட்டுக்கு. பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவை 1965-இல் இதே சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள் விஞ்ஞானிகள். வேலியை ஊடுருவி வந்த ஆட்டை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டும் பார்த்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் இரும்பு என்று நின்றதெல்லாம் நடக்கப் பழகிக்கொண்டது. கூண்டும் ஒரு ராத்திரி பழைய இரும்புக் கடைக்கு நடந்துவிட்டது.

சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலேற்றி எங்களை பெங்களூரு லால்பாக் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். 1961-இல் எலிசபெத் ராணி நட்ட மரம் அங்கே ஊசிக்கோபுரமாக நிற்கிறது. எழுத்துப் பலகை அதன் காலடியில் அடக்கமாக இருக்கிறது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இங்க கல்லு வளரலையா?" என்று கேட்டான். சாருக்கு வந்த கோபம் பங்காரப்பேட்டை வரைக்கும் தணியவில்லை.

சீமைக்கருவேலத்துக்கு யாரும் விழா எடுத்ததில்லை. நாடா வெட்டவில்லை, ஒரு செம்புத் தண்ணீர்கூட விடவில்லை. சுரங்கம் விட்டுப்போன இடமெல்லாம் இன்று அதன் பட்டாதான். நிழல் தருகிற வேம்புகளும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் குழாயடியில், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துத் தானாக வளர்ந்தவை. அவற்றின் அடியில் கல் கிடந்தால் அது துணி துவைக்கிற கல்.

பள்ளிக்கூடத்துக் கற்களுக்கோ ஆயுசு கெட்டி. அடுத்த ஜூலைக்குப் புதுக்கல் வாங்கப் பணமில்லை என்றதும் எழுத்தர் ஒரு யோசனை சொன்னார்: "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?" அப்படியே அதில் புதுப்பெயரைச் செதுக்கினார்கள். பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்ததால், படம் எடுக்க வந்தவர் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே விருந்தினரைச் செருகி நிறுத்த வேண்டியதாயிற்று. மாலையோடு உள்ளே போனவரை வெளியே எடுக்க வாட்ச்மேன் தாத்தாவைத்தான் கூப்பிட்டார்கள்.