குறியீடு

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பிக்கப் வண்டிகளுக்கு யாரும் தர வேண்டியதில்லை. நின்ற இடமெல்லாம் ஆயிலால் தாமே குறியீடு வைத்துவிட்டுக் கிளம்புகின்றன.

அந்த ஒழுக்கைத் தடுக்க வேண்டிய கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல், ஸ்பிரிங் கோத்த ரப்பர் வளையம்தான். விலை சொற்பம். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். கூலியைக் கேட்டதும் ஓனர் ஞானியாகிவிடுகிறார்: "ஒழுகுனாத்தானவே உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்!" கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்து, தீப்பெட்டி லோடோடு மேட்டில் வண்டி திணறும்போதுதான் ஞானம் வற்றுகிறது.

சீல் மாறினாலும் உண்மைக் குற்றவாளி சிலசமயம் தப்பிவிடுவார்: எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர். கரிசல் புழுதி அதை அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறினால் புதுச் சீலும் ஒழுகும். அப்புறமென்ன, "கடைக்காரன் டூப்ளிகேட் சாமானக் குடுத்துட்டான்!"