ஒத்திவைத்தமைக்கு நன்றி

அனுப்புநர்: தங்கள் இணையதளத்தில் வாடகையின்றிக் குடியிருப்பவன்.

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், நிதிக் குழு, பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்க மனம் வராத ஒரு பல்கலைக்கழகம்.

பொருள்: இணையதள மென்பொருளை அப்டேட் செய்யக் கோரிய குறிப்பை ஒத்திவைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தொகுப்பூதியக் கணினிப் பணியாளர் சமர்ப்பித்த குறிப்பும், அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதப்பட்டிருந்த "தளம் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்ற வினாவும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் இணையத்தில் சூதாட்டக் கடை நடத்துகிறவன். ரம்மி, கிரிக்கெட் பந்தயம், சக்கரம் சுற்றுதல் எல்லாம் உண்டு. கூகுளில் என் கடையை முன்னுக்குக் கொண்டுவர நான் படாத பாடு இல்லை. தேடுபொறிக்கு என்மேல் நம்பிக்கை வரவே மாட்டேன் என்கிறது; தங்கள்மேல் மட்டும் கொள்ளை நம்பிக்கை. காரணம், தங்கள் முகவரி 'ஏசி டாட் இன்' என்று முடிகிறது. ஏர்நெட் என்ற கல்வி வலையமைப்பு வழியாகக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி அது. என்னைப் போன்றவன் கோடி கொடுத்தாலும் கிடைக்காது. தாங்கள் சும்மாவே கொடுத்தீர்கள்.

தங்கள் தளத்தின் ஒரு மூலையில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு துறையின் கோப்புறைக்குள், எனக்குச் சில ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன. முகவரியைத் தட்டித் தளத்துக்கு வருகிறவர்களுக்கு அவை தெரியாது. கூகுளின் தேடுநிரல் வந்தால் மட்டும் கதவு திறக்கும். தேடலில் அந்தப் பக்கங்களைப் பார்த்துச் சொடுக்குகிறவர்கள் நேராக என் கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பச்சை மையில் தாங்கள் எழுதிய வினாவுக்கு விடை: ஆமாம் ஐயா, தளம் நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டு பேருக்கு ஓடுகிறது.

அந்தக் குறிப்பை நான் எப்படிப் படித்தேன் என்று வியக்க வேண்டாம். கூட்ட நிகழ்ச்சி நிரலைத் தாங்கள் ஸ்கேன் செய்து ஏற்றிவைக்கும் கோப்புறைக்குப் பூட்டு கிடையாது. நிகழ்ச்சி நிரலை முழுதாகப் படித்துவிடும் ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

குறிப்பைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஐடி கார்டு அச்சடிப்பது, செமினார் ஹாலில் புரொஜெக்டர் மாட்டுவது, இடையிடையே இணையதளம் என்று அலைகிற அந்தத் தொகுப்பூதியப் பெண் இவ்வளவு தெளிவாக எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தளம் ட்ரூபல் 7 என்ற மென்பொருளில் ஓடுகிறது. அது 2011 ஜனவரி 5 அன்று வெளியானது. சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 5 அன்று, அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் ட்ரூபல்காரர்களிடமிருந்து திருத்தம் வராது என்று வரிசையாக அடுக்கியிருந்தார். முதலில் 2021 நவம்பரோடு நிறுத்துவதாகத்தான் இருந்தது. உலகமெங்கும் தங்களைப் போன்ற பெரியவர்கள் இடம் மாறாததால் நாளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒத்திவைப்பதில் அவர்களும் தங்கள் ஜாதிதான். ஆனால் ஒருநாள் நிறுத்திக்கொண்டார்கள். அங்கேதான் தங்கள் உயரத்தை அவர்களால் எட்ட முடியவில்லை.

என் பரம்பரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 15 அன்று, இந்திய நேரப்படி இரவு ஒன்பதரை மணி வாக்கில், ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்துத் திருத்தத்தையும் அதோடு வெளியிட்டார்கள். கணக்கு, கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியிலிருந்து தரவுதளத்துக்குள் நுழையலாம் என்கிற அளவுக்கு அகலமான ஓட்டை. திருத்தம் என்னவோ ஒரே ஒரு வரி. இரண்டு வாரம் கழித்து அவர்களே இன்னோர் அறிக்கை விட்டார்கள்: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள், அதாவது நம்மூரில் விடியற்காலை நாலரைக்குள், திருத்தத்தைப் போடாத எந்தத் தளமும் பறிபோய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஏழு மணி நேரம்! தங்கள் குழுவில் கோரம் சேர்ந்து, தேநீர் வந்து, சென்ற கூட்ட நடவடிக்கைகள் உறுதிசெய்யப்படுவதற்கே அதைவிட நேரமாகும்.

அதே அறிக்கையில் என் தொழில் முன்னோர்கள் செய்த ஒரு நற்காரியமும் பதிவாகியிருக்கிறது. சிலர் உள்ளே நுழைந்ததும் அந்த ஓட்டையை அவர்களே அடைத்துவிட்டார்களாம், பின்னால் வேறு யாரும் வந்துவிடக் கூடாதே என்று. நீங்கள் செய்யாமலே உங்கள் தளத்தில் திருத்தம் போடப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள் என்று எச்சரித்தார்கள். தங்கள் தளத்திலும் அப்படித்தான் நடந்தது. திறப்பு விழா கண்ட நாள் முதல் அந்தத் தளம் கண்ட ஒரே அப்டேட் நாங்கள் செய்தது. டெண்டர் இல்லை, பில் இல்லை, ஆடிட் ஆட்சேபணை இல்லை.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். தங்களுக்குப் பிடித்த பகுதி. கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "ட்ரூபல் இலவச மென்பொருள்தானே? இலவசத்துக்கு எதற்கய்யா பணம்?" என்று கேட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. அவருக்கு என் தனி வணக்கம். மென்பொருள் இலவசம், திருத்தமும் இலவசம். பணம் கேட்பது அதைப் போடுகிற மனிதர். வாரம் ஒருமுறை பாதுகாப்பு அறிவிப்புகளைப் படிக்க வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், நகல் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், எது உடைகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் நிஜத் தளம். இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் கிடைக்கும் பலன் என்ன? எதுவும் நடக்காது. அவ்வளவுதான் பலன். எதுவும் நடக்காமல் இருந்ததற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் தருவது?

புதிய தளம் என்றால் அப்படியா? துணைவேந்தர் பொத்தானை அழுத்துவார், திரையில் ரோஜா இதழ்கள் கொட்டும், மறுநாள் நாளிதழில் படம் வரும், குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்குச் சால்வை. அது மூலதனச் செலவு. அதற்கு ஒதுக்கீடு உண்டு. பராமரிப்பு என்பது தொடர் செலவு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. அப்டேட்டுக்கு ரிப்பன் வெட்டிய துணைவேந்தர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பழைய தளத்தை இற்றுப்போகும்வரை விட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகப் புதிது கட்டுகிற தங்கள் மரபு இங்கிருந்துதான் பிறக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இற்றுப்போகிற ஆண்டுகள்தான் என் பருவகாலம்.

தங்களுக்குத் தளம் கட்டிக்கொடுத்த நிறுவனத்தாரையும் வாழ்த்த வேண்டும். தளத்தின் தோற்றத்துக்கான 'தீம்' என்பதைக் காசு கொடுத்து வாங்காமல் எங்கிருந்தோ இறக்கிப் போட்டார்கள். அப்படி இறக்கும் திருட்டுத் தீம்களில் எங்கள் ஆட்கள் முன்கூட்டியே பின்கதவு வைத்திருப்பது வழக்கம். அதோடு, முகப்பில் துணைவேந்தர் படம் சுழல்கிறதே, அதற்கான நிரலை ட்ரூபலின் மூலக் கோப்புகளுக்குள்ளேயே கைவைத்து எழுதிவிட்டார்கள். தனி மாட்யூலாக எழுதியிருந்தால் தொந்தரவில்லை. இப்போது அப்டேட் போட்டால் மூலக் கோப்புகள் மாறிவிடும், துணைவேந்தர் காணாமற்போவார். பல்கலைக்கழகத்தில் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? எந்தப் பாதுகாப்பு அரணும் இவ்வளவு உறுதியாக என்னைக் காத்ததில்லை.

குறிப்பு மறுபடியும் வரும் என்று அஞ்சுகிறேன். அப்போது தாங்கள் எடுத்துவைக்க உண்மையான வாதங்கள் சிலவற்றைத் தருகிறேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டென்றாலும் இவை பொய்யல்ல. அப்டேட் செய்தால் உடையும் என்ற பயம் நியாயமானது. ட்ரூபலைப் போன்ற இன்னொரு இணையதள மென்பொருளான வேர்ட்பிரஸில், 2018 டிசம்பரில் 5.0 பதிப்பு வந்தபோது எழுதுகிற திரையே தலைகீழாக மாறியது. பழைய திரையைத் திருப்பிக் கொண்டுவரும் பிளக்இன்னைத் தேடி ஜனம் ஓடியது. 2020 ஆகஸ்டில் 5.5 வந்தபோது பழைய நிரல்களுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டார்கள். பல தளங்களில் மெனுக்களும் படக்காட்சிகளும் அசையாமல் நின்றன. இன்னொன்று எங்கள் தொழிலின் பெருமை: 2017-இல் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற பிளக்இன். இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது. அதை ஒருவர் விலைக்கு வாங்கி, அப்டேட் என்ற பெயரிலேயே விளம்பரக் குப்பையை உள்ளே தள்ளும் நிரலை அனுப்பினார். சொன்ன பேச்சைக் கேட்டு அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ட்ரூபல் 7-இலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவதும் பொத்தான் வேலை அல்ல. தீம் என்பதை மறுபடி எழுத வேண்டும், மாட்யூல்களுக்கு மாற்றுத் தேட வேண்டும், தரவை இடம்பெயர்க்க வேண்டும். செலவு பெரிதுதான். அந்தப் பெண் கேட்ட தொகை நியாயமானது என்பதே என் கவலை.

ஏனென்றால் யாராவது திருப்பிக் கேட்டுவிட்டால் வாதம் படுத்துவிடும். ஏழிலிருந்து எட்டுக்குப் போவதுதான் வீடு மாறுகிற பாடு; எட்டிலிருந்து ஒன்பதுக்கு, ஒன்பதிலிருந்து பத்துக்கு என்று அவ்வப்போது போய்க்கொண்டிருந்தவர்கள் சில நாள் வேலையோடு தாண்டிவிட்டார்கள். அசலைக் கட்டாமல் வைத்த கடனுக்கு வட்டி ஏறுவதுபோல, தாங்கள் ஒத்திவைத்த ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகை பெருத்திருக்கிறது. உடையும் என்ற பயத்துக்கும் மருந்து இருக்கிறது: நகல் தளமும் திரும்பப் போட்டுப் பார்த்த பேக்கப்பும். இந்த இரண்டு சொற்களும் கூட்டத்தில் உச்சரிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2017-ஐயும் யாரும் நினைவூட்டாமல் இருந்தால் நல்லது. வேர்ட்பிரஸ் 4.7-இல் யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து கட்டுரைகளைத் திருத்தலாம் என்று ஓர் ஓட்டை. ஜனவரி 26 அன்று திருத்தத்தைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு, தானியங்கி அப்டேட் போய்ச் சேர அவகாசம் கொடுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் விஷயத்தைச் சொன்னார்கள். தானாக அப்டேட் ஆக விட்டிருந்தவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. அந்த வசதியை நிறுத்திவைத்திருந்தவர்களின் பக்கங்கள் லட்சக்கணக்கில் சிதைக்கப்பட்டன. நிறுத்திவைத்தவர்கள் சொன்ன காரணம்? அப்டேட் செய்தால் உடையுமாம்.

பனாமா கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். மொசாக் பொன்செக்கா என்ற சட்ட நிறுவனத்திலிருந்து ஒரு கோடியே பதினைந்து லட்சம் ஆவணங்கள் கசிந்து 2016 ஏப்ரலில் உலகம் சிரித்தது. வாடிக்கையாளர்களின் ரகசியத்தை விற்றுப் பிழைத்த அந்த நிறுவனம், அதே வாடிக்கையாளர்களுக்கான தளத்தை ட்ரூபல் 7.23-இல், அதாவது நான் மேலே சொன்ன ஓட்டை அடைக்கப்படாத 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில், வைத்திருந்தது. ஆவணங்கள் அந்த வழியாகத்தான் போயின என்று நிரூபணமாகவில்லை. அது வேறு விஷயம். 2018-இல் கடையை மூடினார்கள். தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்தை யாரும் மூடப்போவதில்லை. போவது மாணவர்களின் மதிப்பெண்ணும் ஆதார் எண்ணும் அப்பாவின் கைபேசி எண்ணும்தானே.

சட்டம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஊடுருவல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. தெரியவந்தால்தானே? தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. அதைக் கட்டுவதற்கு மட்டும் கணக்குத் தலைப்பு எப்படியாவது பிறந்துவிடும்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள்கள். அந்தத் தொகுப்பூதியப் பெண்ணைப் பணிநிரந்தரம் செய்துவிட வேண்டாம். புரொஜெக்டர் வேலையைக் கூட்டிக் கொடுத்தாலே போதும். குறிப்பைத் துணைக் குழுவுக்கு அனுப்புங்கள். துணைக் குழு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கட்டும். இரண்டுதான் வந்தது என்று மறுபடி கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. தங்கள் சர்வரில் இடம் குறைந்துவருகிறது. ஐபிஎல் தொடங்குமுன் இன்னும் சில ஆயிரம் பக்கங்கள் ஏற்ற வேண்டியிருக்கிறது. பெரிய கொள்ளளவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க அடுத்த கூட்டத்தில் அனுமதி வழங்க வேண்டுகிறேன். வன்பொருள் கொள்முதல் என்றால் தங்கள் குழு மறுத்ததே இல்லை என்பதை நடவடிக்கைக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்பவன்.