பயம் இலவசம், பயிற்சிக்குத்தான் கட்டணம்

பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுத்த தம்பி கேட்டார்: "சார், பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாலரை."

அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் சாயல். "கொஞ்சம் லேட்தான் சார். பரவாயில்ல, பிடிச்சிடலாம்."

புதிதாகக் கல்விக்கடை போடுபவருக்கு மூலதனம் கட்டடமல்ல, வாத்தியாருமல்ல. பெற்றோர் வயிற்றில் கரைக்கிற புளிதான். அபாகஸ், ஃபோனிக்ஸ், குட்டிகளுக்குக் கோடிங் என்று சரக்கு மாறும், புளி மாறாது. சில வருடங்களுக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் 'மிட்பிரெய்ன்' வித்தைகூட இங்கே விலைபோனது. கட்டப்பட்டது யார் கண் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

16 வயதுக்குட்பட்டவர்களைக் கோச்சிங் சென்டரில் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதனாலென்ன? 'கோச்சிங்' என்ற சொல்லை அழித்து 'ஃபவுண்டேஷன்' என்று எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். அதே ஆண்டு நவம்பரில், நூறு சதவீத வெற்றி என்று உத்தரவாதம் தரக் கூடாது, தேறியவர் படத்தை அவர் சம்மதமின்றிப் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் சொன்னது. ஃபிளெக்ஸ் பேனரில் இப்போது சிரிப்பது யார் பெற்ற பிள்ளையோ!

இலவச டெமோவுக்குப் போனோம். பாப்பாவுக்குப் பலூன், எனக்குத் தனியறையில் 'கவுன்சலிங்'. வெளியே வந்தபோது அவள் கையில் பலூன், என் கையில் முதல் தவணை ரசீது.

"இன்னிக்கு என்னப்பா கத்துக்கிட்ட?" என்றாள்.