சுண்டுவிரலுக்கு வந்த சோதனை

மாண்டலின் என்றால் நமக்கு யு. ஸ்ரீநிவாஸ். கமகம் நெளிகிற அந்த வாசிப்பில், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற கார்ட்ஸுக்கு வேலை கிடையாது. பாடுகிறவர் பக்கத்தில் நின்று ‘சக், சக்’ என்று தாளம் பிடிக்கும் மாண்டலின் வேண்டுமானால், அமெரிக்காவின் கென்டக்கிப் பக்கம் போக வேண்டும்.

1911இல் அங்கே பிறந்த பில் மன்றோ, எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன் பெர்ச் ஃபிடிலையும் சார்லி கிதாரையும் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய மாண்டலின் தம்பி தலையில் விழுந்தது. சத்தம் அதிகம் வரக்கூடாதென்று அதன் எட்டுத் தந்திகளிலும் நான்கைக் கழற்றவைத்தார்களாம். அந்தத் தம்பிதான் பிறகு புளூகிராஸ் என்கிற இசைக்கே தந்தையானார். அண்ணன்மார் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

புளூகிராஸில் டிரம்ஸ் வழக்கமில்லை. நான்கு அடித் தாளத்தில் ஒன்றும் மூன்றும் டபுள் பாஸுக்கு. இரண்டும் நான்கும் மாண்டலினுக்கு. ‘சாப்’ என்கிற இந்த அடி, கறிக்கடையில் கத்தி விழுவதுபோல இருக்கும்.

கற்றுக்குட்டிக்குத் தொடக்கம் சுகம்தான். ஜி, சி, டி ஆகிய மூன்று கார்ட்ஸுக்கும் இரண்டிரண்டு விரல் போதும். மற்ற தந்திகள் சும்மாவே ஒலிக்கும். இந்த மூன்றை வைத்தே ஏராளமான பாட்டுகளை ஒப்பேற்றலாம். ஆள் அன்றைக்கே வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்துவிடுவார்.

வினை ‘சாப்’பில் இருக்கிறது. பிக்கால் ஓங்கி அடித்த மறுகணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியைக் கொல்ல வேண்டும். விரலே படாத தந்தியை எப்படிக் கொல்வது? ஆகவே இரண்டிரண்டாக நிற்கும் தந்திகளின் நான்கு ஜோடியையும் அமுக்கியாக வேண்டும். மன்றோ பாணி ஜி-யில் ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃப்ரெட்டில், நடுவிரல் மூன்றில், மோதிரவிரல் ஐந்தில், சுண்டுவிரல் ஏழில். பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் பார்க்காத சுண்டுவிரலுக்குத்தான் இருப்பதிலேயே தடித்த ஜோடி. இதைவிட அநியாயமான வேலைப் பங்கீட்டை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது.

முனகல் ஓயும்வரை பழகத்தான் வேண்டும். ஏனென்றால் பாடகர்கள் நம்பத்தக்கவர்கள் அல்லர். மன்றோவே பி, பி-ஃப்ளாட் என்று உச்சாணிக் கொம்பில் நின்று பாடியவர். பாதிப் பாட்டில் ஒருவர் “அரைக் கட்டை ஏத்திக்கலாமா?” என்பார். நான்கு விரல்காரருக்குக் கவலையில்லை. கையை அப்படியே ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் முடிந்தது. இரண்டு விரல்காரர் மட்டும், “ஒரு நிமிஷம், தந்தி இறங்கிடுச்சு” என்று முறுக்காணியைத் திருக ஆரம்பிப்பார். எட்டுத் தந்தியாயிற்றே, பாடகர் டீ குடித்துவிட்டே வரலாம்.