மேல் மாடி அம்மாவுக்கு என்ன கொடுப்பது?

பெர்லின்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்திக்கு,

ஞாயிறன்று இந்த ஊரில் கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடக்கும். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"பூனையைப் பார்த்துக்கொண்ட அந்த மேல் மாடி அம்மாவுக்கு என்னடா கொடுத்தாய்?" என்று போனில் கேட்டீர்கள். பின்னால் சித்தப்பா, "பூனைக்குக் காவலுக்கு ஆளா!" என்று சிரித்ததும் காதில் விழுந்தது. அவரிடம் சொல்லுங்கள்: நம் தெருப் பூனை நாலு வீட்டு அடுக்களையை நம்பிப் பிழைத்துவிடும். எங்கள் பூனை மிளகு மூன்றாம் மாடியில் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவன். டப்பாவைத் திறந்து வைக்க மனுஷக் கை வேண்டும். கூடவே ஊருக்குக் கூட்டிவரலாம் என்றால், இந்தியா போய்த் திரும்பும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போதாதாம். ரத்தப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டுமாம். பிராணிகள் விஷயத்தில் இவர்கள் விளையாட்டுக்கு இடமே வைப்பதில்லை. பெர்லினில் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ வரி, அடுத்த ஒவ்வொரு நாய்க்கும் 180. ரயிலில் வீட்டுப் பூனையைவிடப் பெரிய நாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பூனைக்கு வரியும் இல்லை. மிளகுக்கு இந்தச் சலுகை தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அப்படித்தான் நடந்துகொள்கிறான்.

மேல் மாடி அம்மா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள், வீட்டில் இரண்டு பூனைகள். நாங்கள் ஊரில் இருந்த நாள் முழுக்க வேளை தவறாமல் வந்து சோறு வைத்து, மூத்திர மண்ணை அள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கீழே முற்றம்வரை தூக்கிப்போய்ச் சரியான குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார். அந்த மண்ணை மக்கும் குப்பையில் போடக்கூடாது. எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு என்ன கொடுப்பது? பணம் என்றேன். "பேசாம இருங்க" என்றாள் என் மனைவி. சிறு தொகை வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்தார் செய்யும் உதவி கள்ள வேலை ஆகாது என்று இங்கே சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் அந்த அம்மா இடம் கொடுக்க மாட்டார்.

சரி, பூ. நாம் மொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து 101 வைப்பதுபோல இவர்களும் பூங்கொத்தில் ஒற்றைப்படை பார்ப்பார்கள். சுற்றிய காகிதத்தைப் பிரித்துவிட்டுத்தான் கையில் தரவேண்டும். சிவப்பு ரோஜா கொடுத்தால் வீட்டுக்குள் குழப்பம். சாமந்தி இங்கே கல்லறைக்குப் போகிற பூ. நம் வாசலில் முழம் போட்டு விற்பதைச் சொன்னால் மிரண்டுபோவார்கள். பூக்கடையில் வெள்ளை லில்லி பளிச்சென்று இருந்தது. நல்லவேளை, இவள் கையைப் பிடித்தாள். பூனைக்கு லில்லி விஷம், சித்தி. இதழைக் கடிக்கக்கூட வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெட்டு உயிருக்கு ஆபத்து. நன்றி சொல்லப் போய் அவர் வீட்டு இரண்டு பூனைகளையும் அனுப்பிவைப்பதா?

பலகாரம் என்றால், பயணிகள் பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பால்கோவா, நெய் இரண்டும் அத்தோடு போயிற்று. திராட்சை போட்ட லட்டை இங்கேயே பிடிக்கலாம். ஆனால் அவர் தங்கை வாரக் கடைசியில் ஒரு நாயோடு வருவார், உலர்திராட்சை நாய்க்கு ஆகாது. சாக்லேட்டும் ஆகாது. இத்தனைக்கும் நடுவில் மீனுக்கு மட்டும் 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தை எழுதினவர் வீட்டில் கட்டாயம் ஒரு பூனை இருந்திருக்கும்.

நீங்கள் கட்டிக்கொடுத்த தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைக் கொடுக்கலாமா என்றும் பார்த்தோம். வெள்ளோட்டமாக எங்கள் மேஜைமேல் வைத்தேன். மிளகு ஒரு தட்டுத் தட்டினான், அது ஆடிவிட்டு நிமிர்ந்தது. இன்னொரு தட்டு. ராத்திரி முழுக்க இதே கச்சேரி. இரண்டு பூனை இருக்கும் வீட்டுக்கு அதை அனுப்பினால் அந்த அம்மா தூங்கினாற்போலத்தான்.

முடிவு கிடைத்தது ஒரு நோட்டுப்புத்தகத்தில். நாங்கள் கேட்காமலே தினமும் எழுதி வைத்திருக்கிறார், தபாலாபீஸ் பழக்கம். "7.10: 45 கிராம். தின்றான். 7.25: ஜன்னலில் நின்று புறாவைத் திட்டினான். 18.05: 40 கிராம். முகர்ந்துவிட்டு என்னை முறைத்தான். வேறு டப்பா திறந்தேன்." இப்படியே பக்கம் பக்கமாக. ஓரிடத்தில் மட்டும் பூனை சமாசாரம் இல்லை: "அடுப்புக்குப் பக்கத்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், மன்னிக்கவும். மறுநாளும் முகர்ந்தேன். என்ன அது?"

அது உங்கள் ரசப்பொடி, சித்தி!

மறுநாளே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டோம். "இதெல்லாம் எதற்கு" என்று இந்த ஊர் வழக்கப்படி சொல்லிவிட்டு, சொன்ன நிமிஷத்துக்கு வந்து மணியடித்தார். தக்காளி ரசத்தை முதலில் கரண்டியால் சூப்பாகக் குடித்தார். அடுத்தது டம்ளரில் கேட்டார். மூக்கு சிவந்து கண்ணில் நீர் வந்ததே தவிர டம்ளரைக் கீழே வைக்கவில்லை. லில்லியும் பொம்மையும் தராததை அவர் நோட்டில் குறித்திருக்க மாட்டார்.

வீட்டிலேயே வைத்துக் குடிக்க அவருக்கென்று ஒரு டப்பா தருவதாகச் சொல்லிவிட்டேன். இங்கே மிச்சம் இருப்பதோ அடிமட்டம். அதனால் அரைக் கிலோ அரைத்துத் தபாலில் அனுப்புங்கள். மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், மிளகைக் குறைக்க வேண்டாம். முக்கியமாக ஒன்று: அவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பார்த்து அது இல்லாததாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெருங்காயமே போடாமல் அரையுங்கள். பார்சல்மேல் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், சுங்கத்தில் கேட்பார்கள். டிசம்பர் கடைசியில் மறுபடியும் வெளியூர் போகிறோம், அதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் மகன்