பாரிஸ் கடிதம்: வண்டி சொகுசா இருக்கா?

வெளிநாட்டில் கார் வாங்கிய தமிழரிடம் ஊரிலிருந்து கேட்கப்படும் முதல் கேள்வி விலை, இரண்டாவது, "வண்டி சொகுசா இருக்கா?" முதல் கேள்விக்குப் பொய்யாவது சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு உண்மையான பதில் சொல்வதே கடினம்.

சொகுசில் ஒரு பகுதியை அளக்க முடியும். பள்ளத்தில் இறங்கி ஏறிய காரின் உடல், ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மெதுவாக அசைந்தால் பெரும்பாலோர் அதை இதமான ஓட்டம் என்பார்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மிகவும் வதைப்பது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் செங்குத்து அதிர்வு. அசைவு அரைத் தடவைக்கும் கீழே போனால் வலி இருக்காது, வாந்தி வரும். இந்த அதிர்வுகளை மதிப்பிட ஐ.எஸ்.ஓ. 2631 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. ஆனால் ஒரே அளவு குலுங்கும் வண்டியில் இறங்கிய இரண்டு பேர் இரண்டு தீர்ப்புச் சொல்வதை எந்தத் தரநிலையும் தடுக்கவில்லை.

பிரான்ஸ்காரர்களின் முதுகு மென்மைக்குப் பழக்கப்பட்டது. சித்ரோவன் நிறுவனத்தின் தலைவர் பியர் பூலாஞ்சே 1930களில் தம் பொறியாளர்களிடம் கேட்டது, கூடையில் முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒன்றுகூட உடையாத மலிவான வண்டி. அது 2சிவி என்ற பெயரில் 1948இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. 1955இல் வந்த டி.எஸ். இன்னும் ஒரு படி மேலே போனது: இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, உருண்டைகளில் அடைத்த நைட்ரஜன் வாயுவும் அழுத்தத்தில் உள்ள எண்ணெயும் வண்டியைத் தாங்கின. எஞ்சினைக் கிளப்பினால் படுத்திருந்த ஒட்டகம் போல அது எழுந்து நிற்கும். 1962இல் கொலை முயற்சியில் டயர்கள் குண்டுபட்டுக் கிழிந்தபின்னும் அதிபர் துகோலை ஏற்றிக்கொண்டு தப்பியது இந்த வண்டிதான். இத்தனை வரலாறு கொண்ட நாட்டுக்காரர் சற்றே இறுக்கமான காரில் ஏறினால், "உலுக்கி எடுக்கிறது" என்பதில் வியப்பில்லை.

எல்லையைத் தாண்டினால் நியாயம் மாறிவிடுகிறது. ஜெர்மனியின் ஆட்டோபானில் பல இடங்களில் வேகத்துக்கு வரம்பு கிடையாது. மணிக்கு 130 கி.மீ. என்பது வெறும் பரிந்துரை. அந்த வேகத்தில் மெத்தென்ற வண்டி தளும்பும், வளைவில் சாயும். எனவே ஜெர்மானியருக்கு இறுக்கமே நிம்மதி. அவர்களுடைய இருக்கை கையால் அமுக்கும்போது பலகையாகத் தெரியும். ஐந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இடுப்பு அதற்கு நன்றி சொல்லும்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே தமிழர் வந்து சேர்கிறார். அம்பாசடர் காலத்தவருக்குச் சொகுசு என்றால் சோபா போன்ற நீண்ட இருக்கை, பின்னால் கமான் பட்டை, நான்கு பேர் இடத்தில் ஆறு பேர். குழிகளை நிதானமாகக் கடக்க அது போதும். பிரான்சிலோ வேகத்தடைக்கே சட்டம்: 1994 ஆணைப்படி உயரம் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஊரிலிருந்து வந்த பெரியப்பா நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் போனபின், "வண்டி ஓடுதா, நிக்குதா?" என்று பாராட்டுவார். அடுத்த நிமிடமே, சம்மணம் போட இடமில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். முழங்கால் வலியுள்ள பெரியம்மாவின் அளவுகோலில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. குனியாமல் ஏறி, கை ஊன்றாமல் இறங்க முடிந்தால் அதுவே உயர்ந்த வண்டி.

விலையும் முதுகெலும்பில் உறைக்கும். மலிவான கார் குலுங்காவிட்டால் ஆச்சரியம். விலையுயர்ந்தது லேசாக அதிர்ந்தாலும் துரோகம். அதே சமயம், தவணை கட்டுகிறவருக்குத் தம் வண்டியில் எந்தக் குலுக்கலும் தெரியாது. அழகுக்காக 19 அங்குல வீல் போட்டுக்கொண்டு சாலையைத் திட்டுவோர் தனி இனம். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் மெலியும். அதிர்வை விழுங்க அங்கே ரப்பரும் காற்றும் குறைவு. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவைப் பார்க்காமல் கூடுதலாக அடித்தாலும் இதே கதிதான்.

இன்னொரு வேறுபாடு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டியரிங் பிடித்தவர் மேட்டை முன்பே பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்கிறார். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில், முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தவருக்கு அது முன்னறிவிப்பின்றி வருகிறது. ஆகவே ஒத்திகை ஓட்டத்தில் வீட்டுப் பெரியவர்களைப் பின்னால் உட்கார வைத்து, வழக்கமாகப் போகும் மோசமான சாலையில் ஓட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. விற்பனையாளரோ வாங்குபவரை மட்டும் முன்னால் உட்கார வைத்து, கடைக்குப் பின்னாலுள்ள புதுச் சாலையில்தான் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்.