தோட்டத்து ஒறம்பரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு கார் பேரூரைத் தாண்டி நரசீபுரம் பக்கம் போகிறது. டிக்கியில் மூன்று தக்காளிப் பெட்டி, ஒரு கட்டுப் பழைய பேப்பர், ஒரு கத்தரி. மனைவி முன் சீட்டில் அரைத் தூக்கம், பேரன் பின் சீட்டில் முழுத் தூக்கம். ஓட்டுகிற அண்ணன் மட்டும் கல்யாண வீட்டு உற்சாகத்தில் இருக்கிறார். கை பரபரக்கிறது, பழம் பறிக்க.

தோட்டம் வைத்திருக்கிற யாரும் இவருக்கு 'ரொம்ப வேண்டப்பட்டவங்க'. எப்போதோ ஒரு பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவராக இருந்தால் போதும்.

இவருடைய நாள்காட்டியில் தேதி கிடையாது, பழம்தான். கோடையில் உடுமலைப் பக்கம் மாந்தோப்பு. மே கடைசியில் பிளம்ஸுக்குக் குன்னூர். ஆடியில் கல்லாறு. அது 1900-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை, போகிறவர் வருகிறவரையெல்லாம் பறிக்க விடுவார்களா? மேட்டுப்பாளையம் ரோட்டோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கி, 'பறிச்ச மாதிரிதானுங்க' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். பழத்தைக் கவிழ்த்துப் பார்த்து, 'உள்ளே ஆறு சுளை' என்று பேரனிடம் பந்தயம் கட்டுவார். தவறாமல் ஜெயிப்பார். பழத்தின் அடியில் பூ மாதிரி இருக்கும் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இந்த ரகசியத்தைப் பேரனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆனாலும் திராட்சைதான் உயிர். தொண்டாமுத்தூர் வட்டாரத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் உயரமானவர்கள் குனிந்து போவார்கள். இவர் ஐந்தேகால் அடி. இருந்தாலும் குனிவார்.

"காம்பைப் புடிச்சு வெட்டுங்க, பழத்தைத் தொடாதீங்க. மேல இருக்கற சாம்பல் போயிருச்சுன்னா ஏவாரி வேண்டாம்பானுங்க" என்பார் தோட்டக்காரர்.

"நாங்களும் பண்ணையம் பாத்தவங்கதானுங்க" என்றபடியே இவர் குலையை உள்ளங்கையில் தாங்கி ஒரு தடவு தடவுவார். குலைக்கு நாலு பழம் ருசி பார்ப்பார். ருசி பார்த்தது எடைத்தட்டில் ஏறாது. பேரன் இந்த விஷயத்தில் தாத்தாவை எப்போதோ மிஞ்சிவிட்டான்.

பிறகு உபதேசம். கவாத்து தாமதமாம், மருந்து கூடுதலாம், இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட வேண்டுமாம். மழைக்கும் யானைக்கும் பயந்து ராத்திரியெல்லாம் காவல் கிடந்தவர், 'சரிங்க, சரிங்க' என்றபடி தராசை எடுக்கப் போவார்.

பண்ணையம் பார்த்தவர் என்பது பொய்யில்லை. காளப்பட்டிப் பக்கம் இவருக்கும் கிணறு, சாளையோடு ஒரு சப்போட்டாத் தோப்பு இருந்தது. சரவணம்பட்டிக்கு ஐ.டி. கம்பெனிகள் வந்து நிலத்தின் விலை ஏறியதும், சைட் போட்டு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் லே-அவுட்டுக்குச் சப்போட்டாவின் பெயரையே வைத்தார்கள். மரம்தான் வைக்கவில்லை.

இவரைப் பொள்ளாச்சிப் பக்கம் யாரோ ஒருவரின் சப்போட்டாத் தோட்டத்தில் பார்க்க வேண்டும். பேச்சு தானாக நின்றுவிடும். காயை நகத்தால் லேசாகக் கீறுவார். பச்சை தெரிந்தால் விட்டுவிடுவார். மஞ்சள் கீற்று தெரிந்தால் ஒரே திருகு. அந்தக் கை தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. அங்கே மட்டும் தோட்டக்காரர் எதுவும் சொல்லிக்கொடுக்க மாட்டார்.

பெட்ரோல், வழியில் டிபன், தோட்டத்து நாய்க்கு பிஸ்கட் எல்லாம் சேர்த்தால் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் இதைவிட மலிவு. இந்தக் கணக்கு மனைவிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நேரம் சமைக்க வேண்டியதில்லை என்ற கணக்கும் தெரியும்.

சாயங்காலம் அடுக்ககத்தில் விநியோகம். பேப்பரில் பொதிந்த குலைகளோடு வீடு வீடாக மணியடித்து, "நானே பறிச்சதுங்க" என்று நீட்டுவார். மூன்றாவது மாடி அம்மாள் ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றுவிட்டு, உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"விதை இருக்குதுங்களே. விதையில்லாதது கெடைக்கலீங்களா?"

அண்ணன் அதற்குள் எதிர்வீட்டு மணியை அழுத்தியிருந்தார்.